மகனுக்கென்று இன்னொரு கரண்டி

குடிக்காத மனிதர் ஒருவர் பியர் காய்ச்சியதை நான் ஒருமுறைதான் கண்டிருக்கிறேன். அவரோடு ஒரே வீட்டில் இருந்தேன். அவர் காய்ச்சியதைக் குடித்துப் பார்த்துச் சொன்ன ஆளும் நான்தான்.

எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. பிறகு கொழும்பு, மொஸ்கோ, எல்லையோரத்தில் உருளைக்கிழங்குக் கிடங்கில் ஒரு குளிர்காலம், ஜெர்மனியில் முகாம், பாரிஸில் கோப்பை கழுவல். ரொறன்ரோவுக்கு வந்தும் கால் தரிக்கவில்லை. பேக்கரி, கோழி வெட்டும் இடம், பெட்டி அடுக்கும் இடம் என்று மாறிக்கொண்டே இருந்தேன். ஒரு வேலையில் ஒரு வருடம் நின்றால் எனக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிடும். வீடும் அப்படித்தான். உடுப்புப் பை ஒன்றோடு எங்கும் போவேன். அப்படிப் போன ஓரிடம்தான் சென் ஜேம்ஸ் ரவுணில் அந்த உயரக் கட்டடம். ஒற்றை அறை வீடு. அறைக்குள் அண்ணை, ஹோலில் நான்.

அண்ணை தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கர். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை செய்து ஓய்ந்தவர். நான் பையோடு போய் நின்ற அன்று அவர் செய்த முதல் வேலை தேத்தண்ணி ஊற்றியதுதான். ஒரு வாய் குடித்ததும் பல் கூசியது. அடியில் சீனி கரையாமல் கிடந்தது.

"அண்ணை, சீனி கொஞ்சம் கூடிப்போச்சுது."

"வந்த ஆளுக்குச் சீனி குறைச்சுக் குடுக்கிற கை நல்ல கையில்லை ஐசே. குடியும்."

தனக்கு அவர் வெறும் தேத்தண்ணிதான் ஊற்றினார். சீனியே இல்லை. அவருக்கு நீரிழிவும் இல்லை. தனக்கு ஒன்றும் வேண்டாம், வந்தவருக்கு எல்லாம் அள்ளிப் போடவேண்டும் என்பது அவருடைய பழக்கம். எங்கள் ஆட்களில் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. அவருக்குக் கொஞ்சம் கூட.

அவர் தன் குடியை மறைத்ததில்லை. இரண்டு வேலை செய்த காலத்தில் குடித்தாராம். ஒரு வேலை போன பிறகு இன்னும் குடித்தாராம். மனைவி மகனைக் கூட்டிக்கொண்டு ஸ்கொபரோவுக்குப் போனார். மகன் படித்து, வேலை எடுத்து, கலியாணம் செய்து, ரூஜில் வீடு வாங்கினான். தாயையும் தன்னோடு வைத்துக்கொண்டான். அந்தப் புது வீட்டுக்கு அண்ணை ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறார், அதுவும் வெறியில். "குடிச்சிட்டு இந்த வாசலுக்கு வராதேங்கோ அப்பா" என்று மகன் சொல்லிக் கதவைச் சாத்தினான். அன்றைக்கு விட்டவர் பிறகு தொடவில்லை. ஆனால் விட்டதைச் சொல்லவும் அந்த வாசலுக்குப் போகவில்லை.

"விட்டுட்டன் எண்டு போய்ச் சொன்னால் போதும்தானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"குடிச்ச நாளிலை அதைத்தானே ஐசே ஒவ்வொரு கிழமையும் சொன்னனான்."

அவருக்கு ஒரு பேத்தி இருந்தாள். பார்த்ததில்லை.

ஒரு வசந்தகால ஞாயிற்றுக்கிழமை, அவரோடு கோவிலுக்கு வருகிற ஒருவர் வீட்டுக்கு வந்தார். பிக்கரிங்கில் இருப்பவர், வாய் கொஞ்சம் நீளம். முதல்நாள் அவர் போய்வந்த விருந்து, அண்ணையின் பேத்தி கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கியதற்கு வைத்த முதல்நன்மை விருந்து. அண்ணைக்கு அழைப்பு இல்லை என்று தெரிந்தும் வந்து சொன்னார். கேக் எத்தனை தட்டு, பிள்ளையின் வெள்ளை உடுப்பு எப்படி, ஆட்டிறைச்சி எந்தக் கடை என்றெல்லாம் சொன்னார். அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"உம்மடை பெடியன் கராஜுக்குள்ளை என்ன செய்யிறான் தெரியுமோ? பியர் காய்ச்சிறான்! பெரிய பெரிய எவர்சில்வர் பானை. வந்த ஆம்பிளையள் எல்லாருக்கும் அதைத்தான் ஊத்திக் குடுத்தவன். நான் கேட்டன், எடேய் உது கள்ளச்சாராயம், கசிப்பெல்லோ எண்டு. சிரிக்கிறான். அப்பன் குடிச்சு அழிச்சான், மகன் காய்ச்சிப் பிழைக்கிறான்!"

எனக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. அண்ணை கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். பேத்தியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "என்னத்திலை காய்ச்சிறானாம்?" என்று கேட்டார்.

"முழுப் பார்லியிலையாம். அரைச்சு, ஊறவைச்சு, வடிச்சு... பெரிய விஞ்ஞானம் மாதிரிக் கதைக்கிறான்."

வந்தவர் போன பிறகு அண்ணை யன்னலடியில் நெடுநேரம் இருந்தார். பிறகு சொன்னார்: "அவனோடை கதைக்க எனக்கு ஒரு விஷயம் கிடைச்சிருக்கு."

"குடிச்சிட்டு வராதே எண்டவனிட்டைக் குடியைப் பற்றியோ அண்ணை கதைக்கப் போறியள்?"

"குடிக்கவோ சொன்னனான்? காய்ச்சப் போறன். குடிக்கிறது நீர்."

தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரில் கிழக்கே போனால் ஒரு சின்னக் கடை இருந்தது. வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்கு வேண்டிய சாமான் எல்லாம் அங்கே விற்றார்கள். தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர், என்ன மாதிரிப் பியர் விருப்பம் என்று அண்ணையைக் கேட்டார்.

"ஐ டோன்ற் ட்ரிங்" என்றார் அண்ணை.

தாடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் குடிப்பேன் என்று தலையாட்டினேன். அவர் அலுமாரித் தட்டிலிருந்து ஒரு பெரிய தகர ரின்னை எடுத்து மேசையில் வைத்தார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும், கொஞ்சக் காலத்துக்கு வேறொன்றும் நினைக்க வேண்டாம் என்றார். முழுப் பார்லியில் செய்ய என்ன வேண்டும் என்று அண்ணை கேட்டார். முதலில் ரின் என்று தாடிக்காரர் மறுபடியும் சொன்னார்.

ரின் வேலை உண்மையில் லேசு. ரின்னுக்குள் இருப்பது பார்லியிலிருந்து எடுத்த கறுத்தப் பாணி, தேன் போலக் கெட்டியானது. கசப்புக்குப் போடுகிற ஹொப்ஸ் பூவின் சாரமும் அதற்குள்ளேயே சேர்ந்திருக்கும். ரின்னைச் சுடுதண்ணியில் வைத்தால் பாணி இளகும். கிருமி நீக்கிய வாளியில் அதை ஊற்றி, சுடுதண்ணி விட்டுக் கலக்கி, வாளி நிறையப் பச்சைத்தண்ணி ஊற்றி, சூடு ஆறியதும் ஈஸ்ட் பொட்டலத்தைத் தூவி மூட வேண்டும். மூடியில் ஒரு சின்னக் குழாய் குத்தியிருக்கும். உள்ளே உண்டாகும் காற்று அதற்குள் நிற்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வெளிக்காற்று உள்ளே போகாது. தேத்தண்ணி போடத் தெரிந்த எவரும் செய்யலாம்.

அடுத்த நாள் குழாய்க்குள் தண்ணீர் "ப்ளுக்" என்றது. அண்ணை கதிரையை இழுத்து வாளிக்குப் பக்கத்தில் போட்டு இருந்துவிட்டார். "உது மூச்சு விடுது ஐசே" என்றார். தொலைக்காட்சி பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிழை எங்கே வந்ததென்றால், எங்கள் கட்டடத்தில் வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் எங்களால் முடியாது. வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள் பனியனோடுதான் திரிவோம். ஈஸ்டுக்கு அவ்வளவு சூடு ஆகாது. முதல் வாளிப் பியரை நான் குடித்த அடுத்த நாள் தலை பிளந்தது.

"தலையிடி எந்தப் பக்கம்?" என்று அண்ணை கேட்டார்.

"எல்லாப் பக்கமும்."

"வாயிலை என்ன மணம்?"

"நெயில் பொலிஷ் மணம்."

"நெயில் பொலிஷ் எப்ப குடிச்சனீர்?"

அதன் பிறகு வாளி குளியல் தொட்டிக்குள் போனது. தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, வாளியைச் சுற்றி என் பழைய சேட் ஒன்றை நனைத்துக் கட்டினோம். வாளியைத் தூக்கினால் அடியில் படிந்த மண்டி கலங்கிவிடும் என்பதால் வீட்டில் குளிப்பதை விட்டோம். பக்கத்துச் சமூக நிலையத்து நீச்சல் குளத்துக்குப் போய், குளத்தில் கால் வைக்காமல், ஷவரில் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வந்தோம். அங்கே காவலுக்கு இருந்த பெட்டை எங்களை ஒரு மாதிரிப் பார்ப்பாள். அண்ணை அவளுக்கு மிகவும் மரியாதையாகக் குட்மோர்னிங் சொல்வார்.

அடுத்த வாளிகளில் தலையிடி வரவில்லை. ருசி பார்க்கும் நேரம் அண்ணை எனக்கு எதிரே கதிரையைப் போட்டு இருந்து, என் முகத்தையே பார்ப்பார். கசக்குதோ, எந்த இடத்தில் கசக்குது, நுனி நாக்கிலோ அடி நாக்கிலோ, விழுங்கின பிறகும் நிக்குதோ என்று கேட்பார். கோப்பையை மூக்கருகில் கொண்டு வரமாட்டார். ஊற்றும்போது மட்டும் தலையை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். எனக்கு அதுவரை பியர் என்றால் குளிராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்குப் பதில் சொல்லியே நான் நாக்கால் யோசிக்கப் பழகினேன்.

தாடிக்காரர் ரின்னிலேயே நிற்கச் சொன்னதை அண்ணை கேட்கவில்லை. அவருக்கு அவசரம். "மகன் பார்லியிலை நிக்கிறான், நான் ரின்னோடை போய் என்னத்தைக் கதைக்கிறது? அரிவரி படிக்கிறவன் பல்கலைக்கழகத்துக்கு வகுப்பெடுக்கப் போற மாதிரி" என்றார். அடுத்த படிக்குப் போனோம். அதில் கசப்பில்லாத பாணி தனியாக வரும், உடைத்த பார்லி கொஞ்சம் தனியாக வரும். பார்லியைத் துணிப்பையில் கட்டிச் சுடுதண்ணியில் தேயிலை போல ஊறவிட்டு எடுத்துவிட வேண்டும். பிறகு பாணியைக் கரைத்து, ஹொப்ஸ் போட்டு, ஒரு மணித்தியாலம் கொதிக்கவிட வேண்டும். கொதித்ததைக் கெதியாக ஆற்ற வேண்டும். ஆற்றுவதுதான் கஷ்டம். நாங்கள் பல்கனியில் கிடந்த பனியை வாளி வாளியாக அள்ளி வந்து தொட்டிக்குள் கொட்டினோம். கனடாப் பனி எனக்கு உதவியாக இருந்தது அந்தக் குளிர்காலத்தில் மட்டும்தான்.

கொதிக்கும் நாளில் மணம் நடைபாதை முழுக்கப் போகும். பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் தட்டினார்.

"என்ன தம்பி, ஆருக்கும் காய்ச்சலே? பார்லி அவியிற மணம் வருது."

"ஓம் அன்ரி, எனக்குத்தான்" என்றேன்.

"அண்ணையைக் கிட்ட வர விடாதேங்கோ, வயசான ஆள்" என்றவர், பின்னேரம் எனக்கு மிளகு ரசமும் கொண்டுவந்து தந்தார். அண்ணை அதைக் குடித்தார்.

கடைசிப் படி முழுப் பார்லி. பாணி கிடையாது. உடைத்த பார்லியைச் சுடுதண்ணியோடு பிக்னிக்குக்குக் கொண்டுபோகிற ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடி, சூடு இறங்காமல் ஒரு மணித்தியாலம் காக்க வேண்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வேறு பியர். பிறகு இனிப்புத் தண்ணியை வடித்து, பார்லியை மறுபடி சுடுதண்ணியால் கழுவி எடுத்து, எல்லாவற்றையும் கொதிக்கவிட வேண்டும். காலையில் தொடங்கினால் அன்றைய பகல் முடிந்துவிடும். முதல் முறை பெட்டியின் குழாய் அடைத்துக்கொண்டு குசினி எல்லாம் கஞ்சி. அடுத்த முறை தண்ணி போலப் பியர். அதற்கடுத்தது நன்றாக வந்தது. உண்மையாகவே நன்றாக வந்தது. அடி நாக்கில் கசந்து, பாண் கருகின மணம் ஒன்று பின்னால் வந்தது. அதை நான் சொன்னதும் அண்ணை கதிரையை விட்டு எழும்பினார்.

"இனிப் போத்தலிலை அடைப்பம். அவனுக்குக் கொண்டு போவம்."

போத்தலில் அடைக்கும்போது ஒவ்வொரு போத்தலுக்கும் கொஞ்சம் சீனி போட வேண்டும். மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று காற்று விடும். பியரில் நுரை எழும்புவது அதனால்தான். அளவு சின்னது. நான் அன்று வேலைக்குப் போயிருந்தேன். அண்ணை தனியே இருந்து அடைத்தார். வீட்டில் வைக்க ஒரு பெட்டி, மகனுக்கு ஒரு பெட்டி. இரண்டு கிழமை போய் வீட்டுப் போத்தலில் ஒன்றைத் திறந்தேன். நல்ல நுரை, நல்ல பியர்.

ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய, சப்வேயில் ஏறிப் பிறகு பஸ் மாறி ரூஜுக்குப் போனோம். பெட்டியை அண்ணை என்னிடம் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் புதுச் சேட் போட்டிருந்தேன். சாட்சி சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கராஜ் கதவு திறந்திருந்தது. பிக்கரிங்காரர் சொன்ன எவர்சில்வர் பானைகள் உள்ளே மின்னின. சுவரோரம் ஊதா நிறச் சின்னச் சைக்கிள் ஒன்று நின்றது. மகன் பைப்பைப் பிடித்து நிலத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். தகப்பனைக் கண்டதும் தண்ணியை நிறுத்தினான்.

"அப்பா."

"நீ பியர் காய்ச்சிறாயாம் எண்டு கேள்விப்பட்டன். நானும் இப்ப காய்ச்சிறன் ராசா. முழுப் பார்லியிலை." பெட்டியை நிலத்தில் வைத்துத் திறந்து காட்டினார். "அறுபத்தாறு டிகிரியிலை பிடிச்சனான். நீ எத்தினையிலை பிடிக்கிறனீ?"

மகன் போத்தல்களைப் பார்த்தான். அவன் முகம் கோபப்படவில்லை. களைத்துப் போனது.

"அப்பா, திரும்பத் தொடங்கிட்டீங்களோ?"

"இல்லை. நான் தொடுறேல்லை. விட்டு எத்தினை வருசம்!"

"குடிக்காம யாராவது ப்ரூ பண்ணுவாங்களா? ருசி பாக்காம எப்படித் தெரியும்?"

"உவர்தான் பாத்துச் சொன்னவர்." அண்ணை என்னைக் காட்டினார்.

மகன் என் பக்கம் திரும்பினான். "அங்கிள், நீங்க அப்பாவோட ஒரே வீட்டிலயா இருக்கிறீங்க?"

"ஓம்."

"நீங்க குடிப்பீங்களா?"

"ஓம்."

"அப்பா உங்களுக்கு ஊத்தித் தருவாரா?"

"ஓம் தம்பி, ஆனால் அவர்..."

"ஓகே" என்றான். "ஐ கெற் இற்."

மூன்று கேள்விக்கும் உண்மையைத்தான் சொன்னேன். குடிகாரர் இருவர் ஒரு வீட்டில் இருந்து கசிப்புக் காய்ச்சுகிறார்கள் என்றுதான் அது கேட்டது. படித்தவனாக இருந்திருந்தால் வேறு விதமாகக் கோத்துச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அண்ணை தலையைத் திருப்பிக்கொண்டு ஊற்றுவதை நான் சொல்லியிருக்க வேண்டும். அது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் ஞாபகம் வந்தது.

மேல்மாடி யன்னலில் திரைச்சீலை அசைந்தது. ஒரு சின்ன முகம் தெரிந்தது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது. அண்ணை அங்கே பார்த்ததை மகனும் பார்த்தான்.

"வைச்சிட்டுப் போங்கோ அப்பா. பிறகு கோல் பண்றேன்."

கராஜ் கதவு மோட்டரில் மெல்ல மெல்ல இறங்கியது. பானைகள், சைக்கிள், பெட்டி, மகனின் கால்கள். பிறகு வெறும் கதவு. அண்ணை அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "பெட்டியை உள்ளை எடுத்தவன்தானே" என்றார்.

அவன் கோல் பண்ணவில்லை. ஜூலை வந்தது. வெயில் என்றால் தார் இளகுகிற வெயில். ஒரு பின்னேரம் அண்ணையின் போன் அடித்தது. கையில் மா பிசைந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, உங்கட போத்தில் எல்லாம் வெடிச்சிட்டுது."

அண்ணையின் கை மாவுக்குள்ளேயே நின்றது.

"கராஜ் முழுக்கக் கண்ணாடி. அவளின்ர சைக்கிள் டயரில கூடக் குத்தியிருக்கு. அந்த நேரம் அவள் ஸ்விமிங் கிளாஸில. இல்லாட்டி... யூ அண்டர்ஸ்ராண்ட்? இல்லாட்டி என்ன நடந்திருக்கும்?"

"ஐயோ ராசா."

"எவ்வளவு சீனி போட்டீங்க?"

"சொன்ன அளவுதான். ஒரு தேக்கரண்டி. மட்டமாய்."

"அதுக்கு வெடிக்காது அப்பா."

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு மாவைப் பார்த்தார்.

"உன்ரை பெட்டிக்கு மட்டும்... உனக்கெண்டு இன்னொரு கரண்டி போட்டனான். கும்பமாய்."

மறுமுனையில் கண்ணாடி கூட்டுகிற சத்தம் மட்டும் வந்தது, அவனுடைய மனைவியாகவோ தாயாகவோ இருக்கலாம். பிறகு அவன் கதைத்தபோது குரல் கொஞ்சம் வேறாக இருந்தது.

"அப்பா. இட்ஸ் நொற் தேத்தண்ணி."

"தெரியும் ராசா. எனக்கு அது தெரியும். கை கேக்கேல்லை."



"இனிக் கண்ணாடியில போட வேண்டாம்" என்றான். "பிளாஸ்ரிக் போத்தில் இருக்கு, அதில போடுங்கோ. விரலால அமத்திப் பாத்தா இறுகினது தெரியும்." கொஞ்சம் நின்று, "மணம் நல்லாத்தான் இருந்தது. கராஜ் முழுக்க" என்றான்.

அண்ணை அன்று கை கழுவாமலே கதிரையில் இருந்தார். சந்தோஷமாக இருந்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. பேத்தி அந்தக் கண்ணாடிக்கு நடுவே நிற்பதை அவர் மனதில் கண்டுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அன்று முழுக்கத் தேத்தண்ணிக்கும் சீனிப் போத்தலைத் தொடவில்லை. எனக்கும் வெறும் தேத்தண்ணிதான். சீனியை நானாகத்தான் எடுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரத் தொடங்கியது. சில வேளை இவர் எடுப்பார். கதைப்பது பியர்தான். பார்லியை எவ்வளவு பொடியாக உடைப்பது, ஹொப்ஸை எப்போது போடுவது, ஈஸ்ட் நுரைக்காவிட்டால் என்ன செய்வது. மகன் அடர்த்தி பார்க்கிற கண்ணாடிக் குழல் ஒன்றைப் பிக்கரிங்காரரிடம் கொடுத்தனுப்பினான். அண்ணை கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவருக்கே பதில் தெரியும் என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டே போய், கடைசியில் "மற்றது..." என்று இழுப்பார். பிறகு, "எல்லாரும் சுகமோ?" என்பார்.

"ஓம், சுகம். வாளியை எங்க வைச்சிருக்கிறீங்க, தொட்டியிலயா?"

"ஓம், தொட்டியிலை."

"சரி அப்பா. பை."

ஒருமுறையும் வாருங்கோ என்று அவன் சொல்லவில்லை. இவரும் வரட்டோ என்று கேட்கவில்லை. கதைக்க ஒரு விஷயம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஒரு விஷயம் கிடைத்தது.

எனக்கு மறுபடி கால் அரித்தது. மேற்கே, அல்பேர்ட்டாவில் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். போனேன். இனி யார் குடித்துச் சொல்வது என்று அண்ணை கேட்டார். பக்கத்து அன்ரியைக் கேளுங்கோ என்று பகிடி விட்டேன். உண்மையில் பிக்கரிங்காரர் அந்த வேலையை ஆசையோடு ஏற்றுக்கொண்டார். இரண்டு குளிர்காலம் மாடு வெட்டினேன். தோள் விட்டுப்போனது. திரும்பி வந்தேன்.

அண்ணை அதே வீட்டில்தான் இருந்தார். மெலிந்திருந்தார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார், அடியில் சீனி கிடந்தது. குளியல் தொட்டி காய்ந்திருந்தது. ஐஸ் பெட்டிக்குள் பழைய செருப்புகளும் உடுப்புகளும் கிடந்தன.

"காய்ச்சிறேல்லையோ அண்ணை?"

"அந்தப் பானையை ஆர் தூக்கிறது? முழங்கால் விடுகுதில்லை."

"மகன் கோல் எடுக்கிறவனோ?"

"காய்ச்சிறது நிண்ட பிறகு குறைஞ்சு போச்சு. எடுத்தாலும் என்னத்தைக் கேக்கிறது?"

"பேத்தி எப்பிடி இருக்கிறாள் எண்டு கேளுங்கோவன்."

அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். விளங்காதவனைப் பார்க்கிற பார்வை.

"அதைக் கேக்கிறதுக்குத்தானே ஐசே இவ்வளவையும் காய்ச்சினனான்."

அடுத்த நாள் நான் ஸ்ரீற்காரில் அதே கடைக்குப் போனேன். தாடிக்காரரின் தாடி நரைத்திருந்தது. ரின் ஒன்று வாங்கினேன். அந்த ஞாயிறு, அண்ணை கதிரையைக் குளியலறை வாசலில் போட்டு இருந்து சொல்லச் சொல்ல, நான் செய்தேன். ரின்னைச் சுடுதண்ணியில் வைத்தேன். சுற்றியிருந்த கடதாசி நனைந்து கழன்றது. பாணியைக் கரைத்து, வாளியை நிரப்பி, ஈஸ்ட் தூவி மூடினேன். அண்ணை போனை எடுத்தார்.

"ராசா, நான் அப்பா. திரும்பவும் போட்டிருக்கிறன். ரின்தான்."

"ரின்னா? அது பிகினர்ஸ் செய்யிறதெல்லோ அப்பா?" மகன் சிரிப்பது எனக்கும் கேட்டது.

"ஓம். திரும்ப அரிவரி."

"பரவாயில்லை. ரின்னிலயும் நல்ல பியர் வரும். வெப்பத்தைப் பாத்துக்கொள்ளுங்கோ."

"ஓம். பாக்கிறன்." அண்ணை போனைக் காதோடு இறுக்கிப் பிடித்தார். "மற்றது..."

தொட்டிக்குத் தண்ணி போய்க்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்கட்டும் என்று பைப்பை நிறுத்தினேன்.

"எல்லாரும் சுகமோ?" என்றார் அண்ணை.

"சுகம் அப்பா. இருபது டிகிரிக்கு மேல போக விடாதேங்கோ. சரி, பை."

அண்ணை போனை மடியில் வைத்தார். கொஞ்சம் பொறுத்து, என் பழைய சேட்டை எடுத்துத் தரச் சொன்னார். நனைத்துப் பிழிந்து கொடுத்தேன். அவர் குனிய முடியாமல் குனிந்து, அதை வாளியைச் சுற்றிக் கட்டினார்.